குழந்தைகள் தீட்டிய குற்றப் பத்திரிகை

(முதியோர் கொடுமையை எதிர்த்துச் சங்கக் கட்டிடத்தில் நடந்த குழந்தைகள் ஓவியப் போட்டியின் பரிசளிப்புக் கூட்டத்தில், நடுவர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பரிசளிப்புக் கூட்டம் என்றால் நாலு வார்த்தை வாழ்த்திப் பேசி, பரிசைக் கொடுத்து, கைதட்டிவிட்டுக் கலைவது வழக்கம். இன்று அப்படிக் கலைய முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் நடுவர்களாக இருந்த நாங்கள் உங்கள் முன் நிற்கிறோம்.

இந்தப் போட்டியை ஏன் வைத்தோம்? ஜூன் 15-ஆம் தேதி, முதியோருக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பற்றி உலகம் நினைத்துப் பார்க்கும் நாள். 2006-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவந்த இந்த நாளை 2011-ல் ஐக்கிய நாடுகள் சபையும் ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு நாம் வெறும் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? கிழவர்களும் கிழவிகளும் வருவார்கள். அவர்களுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும்; அனுபவிப்பவர்களே அவர்கள்தானே! கேட்க வேண்டியவர்களோ, ஷிப்ட் இருக்கிறது, நடவு இருக்கிறது என்று போய்விடுவார்கள். ஆனால் பிள்ளை வரைந்த படம் சுவரில் தொங்குகிறது என்றால், தாயும் தகப்பனும் வராமல் இருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கில்தான் போட்டியை வைத்தோம். கணக்குத் தப்பவில்லை. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்களும் இருக்கிறீர்கள். களையெடுத்த கையோடு வந்த தாய்மார்களும் இருக்கிறீர்கள்.

"முதியோர் கொடுமை" என்ற பெரிய வார்த்தையெல்லாம் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லவில்லை. "நம் ஊர்த் தாத்தா பாட்டிகளுக்கு என்ன குறை? வரையுங்கள்" என்று மட்டும் சொன்னோம். ஆளுக்கு ஒரு காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்தோம். பெரியவர்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்றோம். படத்தில் பெயர் எழுத வேண்டாம், பின்புறம் எண் மட்டும் போதும் என்றோம்.

தட்டு யாருடையது?

படங்கள் வந்து சேர்ந்தன. மேலாகப் புரட்டியபோது எங்கள் கண்ணை முதலில் இழுத்தவை சினிமாப் படங்களைப் போன்றவை. முறுக்கு மீசைக்காரன் ஒருவன் கிழவியை உதைக்கிறான். கையில் பாட்டிலோடு ஒருவன் தகப்பனின் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறான். சிவப்புக் கலர் தாராளமாகக் கொட்டியிருந்தது. "பலே, நன்றாக வரைந்திருக்கிறான்" என்று அவற்றையெல்லாம் ஒரு பக்கம் எடுத்து வைத்தோம்.

நடுவில் ஒரு படம் வந்தது. ஒரு வீடு. வீட்டுக்குள் சுவரோரமாக நாலு எவர்சில்வர் தட்டுகள் கழுவி நிறுத்தியிருக்கின்றன. வாசலுக்கு வெளியே, திண்ணைக்குக் கீழே, நசுங்கிய அலுமினியத் தட்டு ஒன்று கிடக்கிறது. பக்கத்தில் ஒரு கோழி நிற்கிறது. அவ்வளவுதான். தாத்தா இல்லை, பாட்டி இல்லை, அடிப்பவனும் இல்லை, அழுபவளும் இல்லை. "தலைப்பையே இந்தப் பிள்ளை புரிந்துகொள்ளவில்லை" என்று சொல்லி, அதைக் கழித்த படங்களோடு போட்டுவிட்டோம்.

எங்கள் குழுவில் நாற்று நடப் போகும் தாய் ஒருவர் இருந்தார். அவர்தான் அந்தப் படத்தை மறுபடியும் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "வெளியே கிடக்கிற தட்டு யாருதுங்க?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாததால் அல்ல. அந்தத் தட்டு எங்கள் வீடுகளிலும் இருந்தது. நடுவர்கள் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எங்களில் சிலருடைய தாய்க்கும் தகப்பனுக்கும் தனித் தட்டு, தனித் தம்ளர், தனி நேரம் என்று என்றைக்கோ ஏற்பட்டுப்போயிருந்தது. "இருமல், அதனால்தான்" என்று ஒருவர் நினைத்தார். "அவர்களே அப்படித்தான் கேட்டார்கள்" என்று இன்னொருவர் நினைத்தார். நினைத்ததை அன்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்று சொல்கிறோம்.

மறுநாள் படங்களைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். மாலையில் ஒருவர் வந்தார். "தோழரே, அந்தத் தட்டுப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். ஊரில் தலைகாட்ட முடியாது" என்றார். சற்று நேரம் கழித்து இன்னொருவர் வந்தார். "என் பொண்ணு விவரம் தெரியாம வரைஞ்சிட்டுதுங்க" என்றார். இருட்டிய பிறகு ஒரு தாய் வந்தார். ஒன்றும் பேசவில்லை, அந்தப் படத்தின் முன்னால் நின்று அழுதுவிட்டுப் போனார்.

எண்ணை வைத்துப் பார்த்தோம். வந்த மூன்று பேரில் ஒருவர் வீட்டுப் பிள்ளையும் அந்தப் படத்தை வரையவில்லை!

தோழர்களே, யாரையும் சந்தியில் நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு குழந்தை ஒரு வீட்டைத்தான் வரைந்தது. அதில் மூன்று வீட்டார் தங்கள் வாசலைக் கண்டார்கள். நடுவர்களான நாங்களும் கண்டோம். ஆகவே, "அது யார் வீட்டுப் பிள்ளை?" என்று தயவுசெய்து யாரும் தேட வேண்டாம். உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு "நீயா வரைந்தாய்?" என்று மிரட்டவும் வேண்டாம். உண்மையைச் சொன்னதற்காக இந்த ஊரில் ஒரு குழந்தைகூட அடி வாங்கக் கூடாது.

அடி மட்டும்தான் கொடுமையா?

கொடுமை என்றால் அடி உதை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடிக்காதவன் எல்லாம் நல்ல மகன், அடிக்காதவள் எல்லாம் நல்ல மருமகள் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். பிள்ளைகள் அப்படி நினைக்கவில்லை. சுவரைச் சுற்றி வந்து பாருங்கள்.

ஒரு படத்தில் பெரிய கட்டைவிரல். நுனியில் நீல மை. அதன் கீழே ஒரு காகிதம். வீட்டை எழுதி வாங்கிய கதை அது. இன்னொரு படத்தில் ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார். அதில் ஒரு பக்கத்துக் கால் ஒடிந்து, நூலால் காதில் கட்டியிருக்கிறது. பண்டிகைக்கு வீட்டில் எல்லோருக்கும் புதுத் துணி வந்திருக்கிறது. அந்த நூல் மட்டும் மாறவில்லை. மற்றொரு படத்தில் பாட்டி பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு வெளியே படியில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே பேரன் அவளுடைய ஓய்வூதியத்தை எண்ணுகிறான். கிழவிக்கு எத்தனை ரூபாய் வந்தது என்பதே தெரியாது.

ஒரு சிறுவன் காலண்டரை வரைந்து, 31-ஆம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறான். இரண்டு கதவுகள்; இரண்டும் சாத்தியிருக்கின்றன; நடுவில் தாத்தா நிற்கிறார். இதைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை. மூத்தவன் வீட்டில் பதினைந்து நாள், இளையவன் வீட்டில் பதினைந்து நாள் என்று முறை வைத்துச் சோறு போடுகிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. முப்பது நாள் சரி. முப்பத்தொன்றாம் நாள் யார் முறை? பெற்றவன் அன்று யார் வாசலில் போய் நிற்பது?

அடிப்பது, ஏசுவது, பட்டினி போடுவது, மருந்து வாங்கித் தராமல் தட்டிக்கழிப்பது, பணத்தையும் சொத்தையும் பறிப்பது, பேசாமல் ஒதுக்குவது, கோயில் வாசலிலும் பஸ் நிலையத்திலும் விட்டுவிட்டு வந்துவிடுவது — எல்லாமே கொடுமைதான். அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் ஓராண்டில் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படியே அறுபது வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10 கோடியே 38 லட்சம் பேர் இருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் வெளியே வந்து முறையிடுபவர்கள் மிகக் குறைவு. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க எந்தத் தாய்க்கு வாய் வரும்?

இன்னொன்றும் உண்டு. குழந்தைகள் எதிரில் அதை விரித்துப் பேச நாங்கள் விரும்பவில்லை. தென் மாவட்டங்கள் சிலவற்றில் "தலைக்கூத்தல்" என்ற பெயரில் நடந்தது என்ன என்பது பெரியவர்களுக்குத் தெரியும். 2010-ல் அது பத்திரிகைகளில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. அதை வைத்து எடுக்கப்பட்ட "பாரம்" என்ற படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. வழக்கம் என்று சொன்னாலும், கருணை என்று சொன்னாலும், சட்டத்தின் முன் அது கொலை. அந்தக் கொலைக்கும் திண்ணைக்குக் கீழே கிடக்கும் தட்டுக்கும் நடுவில் தூரம் நிறைய இருக்கிறது என்று நாம் நினைக்கலாம். பாதை ஒன்றுதான். "இனி இவர் வேண்டாதவர்" என்று முடிவு செய்வதில்தான் அது தொடங்குகிறது.

வறுமைதான் காரணமா?

"கூலி பற்றவில்லை, பிள்ளைகளுக்கே வயிறு நிறையவில்லை, கிழவிக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாற்பது வருஷம் பஞ்சுத் தூசியை விழுங்கிய மில் தொழிலாளி ஓய்வு பெற்றால் என்ன கிடைக்கிறது? 1995-ல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், மாதத்துக்குக் குறைந்தது 1,000 ரூபாய் என்று 2014-ல்தான் நிர்ணயித்தார்கள். ஆயிரம் ரூபாயில் ஒருவர் மருந்து வாங்குவதா, அரிசி வாங்குவதா? வயலில் நாற்று நட்டு முதுகு வளைந்த தாய்க்கு அதுவும் கிடையாது. நம் மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் ஆயிற்று. அதில் மத்திய சர்க்காரின் பங்கு எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 200 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். உழைத்து ஓய்ந்தவர்களுக்கு மரியாதையாக உயிர்வாழப் போதுமான ஓய்வூதியம் வேண்டும் என்று கேட்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. கேட்போம், உரக்கக் கேட்போம்.

ஆனால் அந்தக் கோரிக்கையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நாம் ஒளிந்துகொள்ளக் கூடாது. வறுமை மட்டுமே காரணம் என்றால், காரும் பங்களாவும் வைத்திருப்பவர்களின் பெற்றோர் ஏன் அனாதை போல் கிடக்கிறார்கள்? வறுமை மட்டுமே காரணம் என்றால், நம் தெருவிலேயே இருக்கும் கஞ்சியை ஐந்து பங்காகப் பிரித்து முதல் பங்கைக் கிழவருக்குக் கொடுக்கிற குடிசை எப்படி இருக்கிறது? அரிசி இல்லாததால் சோறு குறையலாம். தட்டு ஏன் வெளியே போகிறது? காசு இல்லாததால் மருந்து தள்ளிப்போகலாம். வசவு எதற்கு?

இன்னும் ஆழமாகப் பாருங்கள். வேலை செய்கிற வரையில்தான் ஆளுக்கு மதிப்பு. கை ஓய்ந்தால் கேட்டுக்கு வெளியே — இது யாருடைய கணக்கு? நம்மைக் கூலிக்கு வைத்தவர்களின் கணக்கு. அந்தக் கணக்கை எதிர்த்து மில் வாசலில் கோஷம் போடுகிறோம். களத்துமேட்டில் சண்டை போடுகிறோம். வீட்டுக்குத் திரும்பியதும் அதே கணக்கை நம் தாய் தகப்பன்மீது போடுகிறோம்! "சும்மா உட்கார்ந்து தின்கிறது" என்று சொல்கிறோமே, அந்த வார்த்தையை நாம் எங்கே கற்றுக்கொண்டோம்? யோசித்துப் பாருங்கள்.

மற்றொரு விஷயம். முதியோர் படும் கஷ்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், உடனே "மருமகள் சரியில்லை" என்று முடித்துவிடுகிறோம். விடியற்காலையில் எழுந்து, சோறாக்கி, வயலுக்கோ மில்லுக்கோ போய்த் திரும்பி, மறுபடியும் சோறாக்குகிறவள் அந்த மருமகள். மாமியாரின் படுக்கையைத் துவைப்பதும் அவள்தான். பெற்ற மகன் என்ன செய்கிறான்? டீக்கடையில் உட்கார்ந்து "எங்கம்மாவை அவள் பார்ப்பதே இல்லை" என்கிறான். தோழனே, அவள் உன் அம்மா! அந்தத் துணியை நீ துவைத்தால் உன் மீசை உதிர்ந்துவிடாது. வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளாத வீட்டில் பொறுமை நிலைக்காது. பொறுமை போன இடத்தில் கை ஓங்குகிறது.

பழைய கதையும் புதிய படமும்

நம் பாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். கிழவருக்கு மண்சட்டியில் கஞ்சி ஊற்றிய மகன், அந்தச் சட்டியைப் பத்திரமாக எடுத்து வைத்த பேரன், "எதற்கடா?" என்று கேட்டால், "நாளைக்கு உங்களுக்கு ஊற்ற வேண்டாமா அப்பா?" என்ற பதில். இது நம் கதை மட்டுமல்ல. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட நூலில் இதே கதை மரத்தொட்டியோடு வருகிறது. ருஷ்யாவில் டால்ஸ்டாய் கிராமத்துப் பிள்ளைகள் எழுத்துப் படிப்பதற்காகத் தயாரித்த பாடப் புத்தகத்தில் இந்தக் கதையைத் திரும்பச் சொன்னார். எல்லா நாட்டுக் குடிசைகளிலும் அந்தச் சட்டி இருந்திருக்கிறது.

நல்ல கதைதான். ஆனாலும் எங்களுக்கு ஒரு குறை படுகிறது. "நாளைக்கு உனக்கும் இதே கதிதான், ஜாக்கிரதை!" என்று அது பயமுறுத்துகிறது. நமக்கு வந்துவிடுமே என்ற பயத்தில் தாய்க்குச் சோறு போடுவது பேரம். பிள்ளை இல்லாத கிழவிக்கும், பிள்ளையைப் பறிகொடுத்த கிழவருக்கும் அந்தப் பேரத்தில் இடம் ஏது? முதியவர் மரியாதையோடு வாழ வேண்டும். ஏனென்றால் அவர் மனிதர். அவர் இறைத்த தண்ணீரில்தான் இந்த வயல் விளைந்தது. அவர் நூற்ற நூலில்தான் ஊர் உடுத்தியது. அவர் கேட்பது பிச்சை அல்ல, பாக்கி.

அந்தத் தட்டை வரைந்த குழந்தை யாரையும் பயமுறுத்தவில்லை. "நாளைக்கு உனக்கு" என்று எழுதி வைக்கவில்லை. கண்டதைக் கண்டபடி வரைந்தது. அதனால்தான் மூன்று பேர் இரவில் தூக்கம் இழந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கண்ணீர் விட்டால் மட்டும் போதாது. கையில் இருக்கும் ஆயுதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர், வயதுக்கு வந்த மகனிடமும் மகளிடமும், பேரன் பேத்தியிடமும் ஜீவனாம்சம் கேட்கலாம். பிள்ளை இல்லாத முதியவர், தம் சொத்தை வைத்திருக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் உறவினரிடம் கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கும்படி உத்தரவிட முடியும். மனுவை வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும் என்பது விதி. நடக்க முடியாதவர் வேறொருவருக்கோ, பதிவு பெற்ற அமைப்புக்கோ அதிகாரம் கொடுத்தும் மனுச் செய்யலாம். பராமரிக்க வேண்டிய முதியவரைக் கைவிட்டு ஓடினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கட்டைவிரல் படத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. "கடைசி வரை வைத்துக் காப்பாற்ற வேண்டும்" என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டு பிள்ளை கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் மகனுக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே பெரியவர்களே, முதலில் எழுதிக்கொடுக்காதீர்கள். எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்றால், அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கைநாட்டு வைக்காதீர்கள்.

உடனடி உதவிக்கு 14567 என்ற எண் 2021-லிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. அழைப்புக்குக் காசு இல்லை. இந்த எண்ணைப் பிள்ளைகளே மனப்பாடம் செய்யட்டும். மனு எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் இந்தச் சங்கக் கட்டிடத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து எழுதித் தருவோம், கூடவும் வருவோம். மகன் சங்கத்தில் இருக்கிறானே என்று தயங்க வேண்டாம். சங்கத்து மகன் என்றால் இரண்டு மடங்கு கேட்போம்.

பரிசு யாருக்கு?

குழந்தைகளே, நீங்கள் வெகு நேரமாகப் பொறுமையாகக் காத்திருக்கிறீர்கள். முதல் பரிசு யாருக்கு என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிறீர்கள்.

நாங்கள் ஒருமனதாக முடிவு செய்துவிட்டோம். முதல் பரிசு அந்தத் தட்டுப் படத்துக்கு. ஆனால் அதை வரைந்த குழந்தையை மேடைக்குக் கூப்பிட மாட்டோம். உங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கலர் பெட்டி, ஒரே மாதிரி ஓவிய நோட்டுத்தான். யார் கையில் இருப்பது முதல் பரிசு என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். கண்ணு, நீ எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் சரி, உன் படத்தை முதலில் கழித்துப் போட்டதற்காக நாங்கள் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை. நீ பார்க்கச் சொல்லிக்கொடுத்தாய்.

தோழர்களே, தாய்மார்களே! இது குழந்தைகள் தாக்கல் செய்திருக்கும் குற்றப் பத்திரிகை. இதற்குப் பதில் மனுவை மேடையில் பேசித் தாக்கல் செய்ய முடியாது. வீட்டில்தான் செய்ய வேண்டும். இன்று இரவு சாப்பிட உட்காரும் முன்னால் எழுந்து வெளியே போங்கள். அந்தத் தட்டை எடுத்து, நீங்களே கழுவி, மற்றத் தட்டுகளோடு உள்ளே வையுங்கள். பிறகு அதற்கு உரியவரைக் கூப்பிடுங்கள். அவர் உடனே வரமாட்டார். "எனக்கு இங்கேயே போதும்" என்பார். பல வருஷத்துப் பழக்கம் அது. கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 15-ல் அவர்களிடம் மறுபடியும் காகிதம் கொடுப்போம். அப்போது அவர்கள் எதை வரைய வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது.